எளியவனின் ஆயுதம்



"பலவானை எதிர்க்கும் எளியவனுக்கு எந்த வழியும் தகும்" என்று சொல்வோர் உண்டு. இது சரிதானா? ஈரான் தேசத்தின் சரித்திரத்தைக் கொண்டு இதைச் சற்று ஆராய்வோம்.

1979-ம் ஆண்டுப் புரட்சிக்குப் பின் அமெரிக்கா அத்தேசத்தின்மேல் தடைகள் விதித்தது. 1980 முதல் 1988 வரை ஈராக்குடன் யுத்தம். ஷா மன்னர் அமெரிக்காவிடம் வாங்கியிருந்த போர் விமானங்களுக்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாயிற்று. ஈராக் விஷவாயு வீசியபோதும் வல்லரசுகள் அதைத் தடுக்க முன்வரவில்லை. ஆகவே ஈரான் சிறு விசைப்படகு, கடற்கண்ணி, ஏவுகணை, பிற்காலத்தில் ஆளில்லா விமானம், அயல்நாட்டு ஆயுதக் குழுக்கள் ஆகியவற்றை நாடிற்று. 1988 ஏப்ரல் 14-ல் சாமுவேல் பி. ராபர்ட்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பல் பாரசீக வளைகுடாவில் ஈரான் வைத்த கண்ணியில் சிக்கிற்று. அக்கண்ணி 1908-ம் ஆண்டு மாதிரி. கப்பலைச் செப்பனிடவோ சுமார் 9 கோடி டாலர் செலவாயிற்று!

எளியவன் தன்னைக் காத்துக்கொள்வது குற்றமல்ல. ஆயுதம் மலிவானது என்பதாலும் குற்றமாகிவிடாது. ஆனால் கடற்கண்ணிக்குக் கண் இல்லை. போர்க்கப்பல் எது, எண்ணெய்க் கப்பல் எது என்று அது அறியாது. கண்ணுள்ள மனிதனும் சில சமயம் அறிய மறுக்கிறான். 2024 மார்ச்சில், ஈரானிடம் ஆயுத உதவி பெற்ற ஏமன் தேசத்து ஹூதிகள் ஒரு சரக்குக் கப்பலை ஏவுகணையால் தாக்கினர். மாண்டவர் மூவர்: இருவர் பிலிப்பைன்ஸ் தேசத்தார், ஒருவர் வியட்நாம் தேசத்தார். பிழைப்புக்காகக் கடலேறிய அவர்கள் யாருக்குப் பகைவர்?

இதே தராசு பலவானுக்கும் உண்டு. 1988 ஜூலை 3-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் ஒன்று ஈரானின் பிரயாணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்திற்று. மாண்டவர் 290 பேர். அவர்களில் 66 பேர் குழந்தைகள். போர் விமானமென்று எண்ணிவிட்டோம் என்றார்கள். வர்த்தகத் தடைகளும் அப்படியே: ஆள்வோரின் பந்தியைத் தொடுமுன் ஏழையின் அடுப்பையும் நோயாளியின் மருந்தையும் தொடுகின்றன.

ஆகவே, "நீ எளியவனா, பலவானா?" என்று மாத்திரம் கேட்டால் போதாது, "உன் அடி யார்மேல் விழுகிறது?" என்றும் கேட்கவேண்டும். எளிமை தற்காப்புக்கு நியாயம் தரும். குற்றமற்றவனைப் பலியாக்க நியாயம் தராது.

நம் தெருவிலும் இப்படித்தான். பண்ணையார்மேல் கோபங்கொண்டவன் ஊர்க் கிணற்றில் நஞ்சிட்டால், முதலில் தண்ணீர் குடிப்பது பண்ணையாரா? பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளையல்லவா? அநியாயம் அனுபவித்தோம் என்பதனால் நம் கை செய்வதெல்லாம் நியாயமாகிவிடாது. அடுத்த சண்டைக்குமுன் இதை எண்ணிக்கொள்வோமாக.