ஊசி பிடிக்கும் கை

முகச் சுருக்கத்தை ஊசியால் போக்கலாம் என்னும் விளம்பரம் இன்று கைத்தொலைபேசி வைத்திருக்கும் எவருடைய கண்ணிலும் படுகிறது. அந்த ஊசியில் இருப்பது பொட்டுலினம் என்னும் நஞ்சு. கெட்டுப்போன உணவில் தோன்றி மனிதரைக் கொல்வதும் இதே நஞ்சுதான். நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது; தசை தளர்கிறது; மூன்று நான்கு மாதங்களுக்குச் சுருக்கம் மறைகிறது. இடம் தவறினால் இமை சரியும். நஞ்சு உடலில் பரவினால் விழுங்கவும் மூச்சுவிடவும் இயலாமற் போகலாம். 2023இன் இறுதியிலும் 2024இன் தொடக்கத்திலும் அமெரிக்காவின் 11 மாநிலங்களில் 22 பெண்கள், உரிமமோ பயிற்சியோ இல்லாதவர்களிடமும், வீடுகள், அழகு நிலையங்கள் போன்ற இடங்களிலும் இவ்வூசியைப் போட்டுக்கொண்டு நோயுற்றனர். அவர்களுள் 11 பேரை வைத்தியசாலையில் சேர்க்க நேர்ந்தது.

எனவே, தகுதி பெற்ற வைத்தியரையே நாட வேண்டும் என்கிறார்கள். நியாயமான பேச்சு. ஆனால் அழகுக்காகப் போடும் ஊசிக்கே இத்தனை எச்சரிக்கை வேண்டுமெனில், உயிருக்காகப் போடும் ஊசிக்கு எத்தனை வேண்டும்? ஹட்டனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து பறிக்கும் பெண்ணின் சார்பில் இக்கேள்வியை நாம் கேட்டாக வேண்டும்.

1912ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டம் தொழிலாளரின் நோய்நொடிக்கான பொறுப்பைத் தோட்ட நிர்வாகத்தின்மீதும் சுமத்தியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பெனிகளின் கைக்குச் சென்றது. துரைமார் மாறினார்கள், டிஸ்பென்சரி மாறவில்லை. அங்கே அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் வைத்தியப் பட்டம் பெறாத தோட்ட வைத்திய உதவியாளரே. தொழிலாளர் அவரை 'டொக்டரய்யா' என்றே அழைக்கிறார்கள்.

அவரைப் பழிப்பது என் நோக்கமன்று. நள்ளிரவில் லயத்துக் கதவைத் தட்டும் வலிக்கு எழுந்து வருபவர் பல வேளைகளில் அவர் ஒருவரே. 'ஒன்றுமில்லாததற்கு இதாவது இருக்கிறதே' என்று சமாதானம் சொல்வோரும் உண்டு. இச்சமாதானத்தைச் சொல்பவர் தம் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் எங்கே போகிறார்?

தகுதி என்பது சுவரில் மாட்டிய சான்றிதழ் மாத்திரமன்று. எப்போது ஊசி போடக் கூடாது, எந்த நோயாளியை ஒரு நாழிகையும் தாமதிக்காமல் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்ப வேண்டும் என்று அறிவதே அதன் உயிர்நிலை. ஊசி போட்டால்தான் சுகம் என்று நம்பும் மக்களிடையே, வேண்டாம் என்று மறுக்கும் துணிவு படிப்பிலிருந்தே வரும்.

இன்னொன்றும் உண்டு. நகரத்து அழகு நிலையத்தில் காசு கொடுப்பவள், 'நீர் எங்கே படித்தீர்? இலங்கை மருத்துவ சபையில் பதிவு உண்டா? பிழை நேர்ந்தால் யார் பொறுப்பு?' என்று கேட்கலாம். பதில் பிடிக்காவிடில் எழுந்து போகலாம். தோட்டத்து உதவியாளருக்கோ சம்பளம் கொடுப்பது நிர்வாகம். இவள் நோயாளிதானா, வேலைக்குப் போகத் தக்கவளா என்பதில் அவர் சொல்லுக்கும் இடமுண்டு. அரைப்பேருக்கே அஞ்சி வாழும் பெண், அவர் முன் நின்று அக்கேள்விகளுள் எதனைக் கேட்பாள்?