அடியும் கனஅடியும் போதாது

காலையில் டீக்கடை பெஞ்சில் பேப்பரை விரித்ததும் நம் கண் முதலில் தேடுவது அணை நிலவரத்தைத்தான். பெரியாறு எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி, வைகை 71 அடியைத் தொடுமா என்ற கணக்கு கூடலூரிலிருந்து தேனி வரை எல்லோருக்கும் மனப்பாடம். அந்தக் கட்டத்தில் இல்லாத கேள்வி ஒன்று இருக்கிறது. வருகிற தண்ணீர் எப்படி இருக்கிறது? அதில் என்ன வளர்கிறது? இதை இனியும் கேட்காமல் இருப்பது தவறு.

கோடையில் வரத்து சுருங்கும். வெயில் ஏறும். காற்று அசையாது. அப்படிப்பட்ட நாட்களில் தேங்கிய நீரின் மேல் பச்சைப் பெயிண்டைக் கொட்டியதுபோல ஒரு படலம் படர்வதுண்டு. அது நீலப்பச்சைப் பாசி. பேர்தான் பாசி, உண்மையில் அது வெயிலைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் பாக்டீரியா. அதன் பல வகைகளின் உடலுக்குள் நுண்ணிய காற்றறைகள் உண்டு. நீர் ஓடாத இடத்தில் அவை மேலே மிதந்து வந்து வெயிலைப் பிடித்துக்கொள்கின்றன. சாக்கடையும், வயலில் மிஞ்சிய டிஏபி உரமும் கொண்டுவந்து சேர்க்கும் மணிச்சத்து அவற்றுக்கு விருந்து.

இந்தப் பாசியைப் பழிக்க நான் வரவில்லை. இதன் சில வகைகள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து நெல்லுக்குக் கொடுக்கின்றன. உயிர் உரமாக நாமே வயலில் இடுகிறோம். ஆனால் மைக்ரோசிஸ்டிஸ் போன்ற வகைகளில் ஈரலைத் தாக்கும் நஞ்சு உண்டாகக்கூடும். அந்த நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. ஆயுள் முழுக்கக் குடிக்கும் நீரில் அது லிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

1991இல் ஆஸ்திரேலியாவின் டார்லிங் ஆற்றில் சுமார் 1,000 கிலோமீட்டருக்கு இந்தப் பாசி படர்ந்தது. அரசு நெருக்கடி நிலை அறிவிக்க வேண்டியதாயிற்று. 1996இல் பிரேசிலின் கருவாரு நகரில், பாசி நஞ்சு கலந்த ஏரி நீர் டயாலிசிஸ் கருவி வழியாக உடம்புக்குள் ஏறி ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகள் இறந்தார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? மேட்டூர் அணையின் நீர்ப்பரப்பில் பச்சை படர்ந்து, கரையோர மக்கள் துர்நாற்றத்தால் மூக்கைப் பொத்திய செய்திகளை நாம் படித்ததில்லையா?

மேல்மடைக்காரர்களே, நாம்தான் முதலில் கேட்க வேண்டும். லோயர் கேம்பில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் நம் 14,707 ஏக்கர் இருபோக நெல்லை நனைத்து, வைகையோடு கலந்து, மதுரைக்காரர் குடத்தில் ஏறி, ராமநாதபுரத்துக் கடைமடை வரை போகிறது. மேல்மடைக்காரன் வாய்க்காலை அடைத்தால் பஞ்சாயத்து கூட்டுகிற மண் இது. அடைப்பது குற்றம் என்றால் கெடுப்பது குற்றமில்லையா? பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக்குக்குப் பொங்கல் வைத்து, அவர் பேரைப் பிள்ளைகளுக்குச் சூட்டி நன்றி சொல்கிறோம். அவர் கொண்டுவந்த நீரில் சாக்கடையைத் திருப்பிவிட்டால் அந்தப் பொங்கலுக்கு என்ன அர்த்தம்?

விவசாயிகளே, மண்ணைச் சோதிக்காமல் மூட்டை மூட்டையாக உரம் போடாதீர்கள். ஆற்றங்கரை ஓரமாகச் சில அடி நிலத்தைப் புல்லுக்கும் மரத்துக்கும் விட்டுவையுங்கள். வழிந்தோடும் உரத்தை அது தடுக்கும். திராட்சைக்கு அடிக்க வைத்திருக்கும் மயில்துத்தத்தைப் பச்சைத் தண்ணீரில் கொட்டத் துணியாதீர்கள். பாசி செத்து உடைந்து, உள்ளே இருந்த நஞ்சு முழுதும் நீரில் கலந்துவிடும். படலம் கண்ட இடத்தில் ஆடுமாடுகளை இறக்காதீர்கள். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

ஊராட்சி, பேரூராட்சி, நகராட்சிப் பொறுப்பிலிருப்போரே, சுத்திகரிக்காத ஒரு சொட்டுக் கழிவும் ஆற்றில் விழக்கூடாது. இதற்கு இன்னொரு தேர்தல் வரை தவணை கேட்காதீர்கள்.

அதிகாரிகளே, கோடையில் வாரம் ஒரு முறையாவது நீரை எடுத்து நுண்ணோக்கியில் பாருங்கள். பாசியை வகை பிரித்து எண்ணுங்கள். எண்ணிக்கை ஏறினால் நஞ்சைச் சோதியுங்கள். கண்டதை அன்றே வெளியிடுங்கள். மக்கள் பயந்துவிடுவார்கள் என்று மறைக்காதீர்கள். தெரியாமல் குடிப்பது பயத்தைவிடக் கொடியது. இதற்கான அறிவு நமக்குப் புதிதுமல்ல. வைகை அணை திறக்கப்பட்ட அதே 1959இல்தான் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி நீலப்பச்சைப் பாசிகளை வகைப்படுத்தி எழுதிய பெருநூல் வந்தது. உலகமெங்கும் ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

மாணவர்களே, உங்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடி பாட்டிலில் முக்கால்வாசி ஆற்று நீரை எடுங்கள். மூடி, ஆட்டாமல் ஓர் இரவு வையுங்கள். காலையில் வண்டல் அடியில் படிந்திருக்கும். மேலே, கழுத்தோரம், பச்சை வளையம் ஒதுங்கியிருந்தால் சந்தேகப்படுங்கள். ஒரு குச்சியைப் படலத்தில் விட்டு எடுங்கள். முடிபோல நூல் நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் வேறு பாசி. பெயிண்ட் பூசியதுபோல ஒட்டினால் ஆசிரியரிடம் ஓடுங்கள். நஞ்சு உண்டா இல்லையா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். ஆனால் ஆய்வகத்தை எழுப்பிவிடும் முதல் குரல் உங்களுடையதாக இருக்கட்டும்.

ஒரு நோட்டு போடுங்கள். தேதி, இடம், நிறம், வாடை, ஓட்டம் என்று ஐந்து கட்டம் போதும். லோயர் கேம்பில் ஒருவர், உத்தமபாளையத்தில் ஒருவர், வீரபாண்டிப் படித்துறையில் ஒருவர் என்று எழுதத் தொடங்குங்கள். அணை நிலவரத்தில் அடிக்கும் கனஅடிக்கும் பக்கத்தில் நீரின் தன்மையும் அச்சாகும் நாள் வரை அந்த நோட்டை மூடாதீர்கள். கோடைக்குக் காத்திருக்க வேண்டாம். நாளைக் காலை பேப்பரைப் பிரிக்கும் முன் ஆற்றைப் போய்ப் பாருங்கள்.