ஏமாந்தவர் யார்?

2024-ஆம் ஆண்டுத் தேர்தலில் தமிழ்நாட்டில் நாங்கள் ஓட்டுப் போட்டது ஏப்ரல் 19-ஆம் தேதி. எண்ணியது ஜூன் 4-ஆம் தேதி. விரலில் மையை வைத்துக்கொண்டு அந்த 46 நாளும் நான் பட்ட பாட்டை என் மனைவி ஒரே வாக்கியத்தில் அளந்துவிட்டாள்: "சாமி இல்லை, பூதம் இல்லை என்பீர்களே, இப்போது ஏறக்குறைய ஒரு மண்டலம் விரதம் இருக்கிறீர்கள்!"

விரதம்தான். பத்திரிகையைப் பிரிக்கவும் பயம், பிரிக்காமல் இருக்கவும் பயம். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினன் அல்லன். ஆனால் உழைக்கிறவன் பக்கம் நின்று பேசும் கட்சிகளிடம் இளமையில் வைத்த பற்று இன்னும் விட்டபாடில்லை. இந்தப் பற்று ஒரு வேடிக்கையான பற்று. செங்கோட்டையில் காங்கிரசும் இடதுசாரிகளும் ஒரே மேடையில் கைகோத்து நின்றார்கள். மலையைத் தாண்டிப் புனலூருக்குப் போனால் இருவரும் பரம எதிரிகள். ரயிலில் போகிற அநுதாபி எந்தச் சுரங்கப் பாதையில் தோழமையை இறக்கி வைப்பது?

சிரிப்பு ஒரு புறம் இருக்கட்டும். கவலைப்படுகிறவனுக்கு ஒரு பெருமை உண்டு. ஊர் உறங்கும்போது தான் ஒருவனே விழித்திருப்பதாக ஒரு நினைப்பு. அந்தப் பெருமை எனக்கு உடைந்த கதையைச் சொல்கிறேன்.

2019-ஆம் ஆண்டு மே 23-ஆம் தேதி. 2004-இல் நாடாளுமன்றத்தில் 59 இடங்களைப் பிடித்த இடதுசாரிகளுக்கு அன்று கிடைத்தவை ஐந்தே ஐந்து. அவற்றிலும் நான்கு தமிழ்நாட்டில். மனம் பொறுக்காமல் தெருவுக்கு வந்தேன். வேப்ப மரத்தடியில் எங்கள் தெரு இஸ்திரிக்காரர் வழக்கம்போல் துணி தேய்த்துக்கொண்டிருந்தார். கேட்பாரற்ற என் துக்கத்தையெல்லாம் அவர் தலையில் கொட்டினேன்.

"ஜனங்களை ஏமாற்றுவது எவ்வளவு சுலபம், பார்த்தீர்களா? உங்களைப் போன்றவர்களுக்காகப் பாடுபடுகிற கட்சிக்கு நீங்களே ஓட்டுப் போடுவதில்லையே!"

அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எந்தக் கட்சி சார்?"

சொன்னேன்.

"அந்த அரிவாள் சின்னம் நம்ம தொகுதியிலே மெஷினிலேயே இல்லையே சார்! நீங்க மட்டும் எப்படிப் போட்டீங்க?"

உண்மை. அந்த இடம் கூட்டணியில் வேறு கட்சிக்குப் போயிருந்தது. நானும் அந்தக் கட்சிக்குத்தான் போட்டுவிட்டு வந்திருந்தேன்! அவர் விடவில்லை, கோபமும் கொள்ளவில்லை. "அது கிடக்கட்டும். நான் எதுக்குப் போட்டேன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டு அடுத்த சட்டையை எடுத்தார்.

அன்று இரவு நெடுநேரம் உறக்கம் வரவில்லை. நாட்டைப் பற்றி அல்ல, என்னைப் பற்றி.

1952-இல் முதல் பொதுத் தேர்தல் முடிந்தது. ஓட்டுரிமை பெற்றவர் 17 கோடிக்கு மேல். எழுதப் படிக்கத் தெரிந்தவர் நூற்றுக்கு 18 பேர் அளவுதான். ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி. 'தற்குறிகளுக்கு என்ன தெரியும்?' என்று மேதாவிகள் ஏளனம் செய்த காலம் அது. வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு வேண்டும் என்று அதற்கு முன்பே வாதாடியவர்களில் இடதுசாரிகளும் உண்டு. அந்த மேதாவிகளின் வார்த்தையைத்தானே நான் வேப்ப மரத்தடியில் சொன்னேன்? நமக்குப் போட்டால் மக்கள் விழித்துக்கொண்டார்கள், போடாவிட்டால் ஏமாந்துவிட்டார்கள். இது என்ன நியாயம்?

வங்காளத்தைப் பாருங்கள். 1977 முதல் 2011 வரை, 34 ஆண்டுகள், அந்த மக்கள் இடதுசாரிகளைத் திரும்பத் திரும்ப அரியணை ஏற்றினார்கள். குத்தகை உழவர்களின் உரிமையைப் பதிவு செய்து தந்த நன்றியை அவர்கள் மறக்கவில்லை. 2007 மார்ச் 14-இல் நந்திகிராமத்தில், நிலம் பறிபோகும் என்று அஞ்சி எதிர்த்த உழவர்கள்மேல் போலீஸ் சுட்டது. 14 பேர் மாண்டார்கள். நான்கு ஆண்டுகளில் ஆட்சி போயிற்று. 34 ஆண்டுகள் அறிவாளிகளாக இருந்தவர்கள் ஒரே நாளில் ஏமாளிகள் ஆகிவிட்டார்களா?

அப்படியானால் பெரும்பான்மை சொல்வதெல்லாம் தர்மமா என்று நீங்கள் கேட்கலாம். இல்லவே இல்லை. பெரும்பான்மை தவறு செய்யும், கொடுமையும் செய்யும். அதை எடுத்துச் சொல்வது கடமை. ஆனால் 'நீ செய்தது தவறு' என்பது வேறு, 'நீ ஏமாந்துவிட்டாய்' என்பது வேறு. தவறு என்று சொன்னால் அவன் பதில் சொல்லலாம், வாதாடலாம், என்னையும் திருத்தலாம். ஏமாந்தாய் என்றால் அவன் வாயை அடைத்துவிட்டேன். அவனைக் குழந்தையாக்கி, நான் தகப்பனாகிவிட்டேன். சமத்துவத்தில் நம்பிக்கை உள்ளவன் செய்கிற காரியமா அது?

கவலையை நான் விட்டுவிடவில்லை, விட முடியாது. அன்பு இருக்கிற இடத்தில் கவலை இருக்கத்தான் செய்யும். அதில் கலந்திருந்த இளக்காரத்தைத்தான் வடிகட்டப் பார்க்கிறேன்.

2024 ஏப்ரலில் ஓட்டுச் சாவடியிலிருந்து திரும்பும்போது இஸ்திரிக்காரர் என்னைக் கூப்பிட்டார். "இந்தத் தடவையாவது உங்க சின்னம் இருந்துதா சார்?"

"இல்லை" என்றேன். இருவரும் சிரித்துவிட்டோம். அவர் விரலிலும் மை ஈரமாக இருந்தது. யாருக்குப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.