நடுவில் நிற்பவரின் கடன்

போரில் கலந்துகொள்ளாத ஒரு நாடு, அந்தப் போரில் செத்தவர்களுக்கும் அகதியானவர்களுக்கும் ஏதாவது கடன்பட்டிருக்கிறதா? சுவிட்சர்லாந்தை நோக்கி இந்தக் கேள்வியை ஐரோப்பியர்கள் இரண்டாம் உலகப் போர் முடிந்ததிலிருந்தே கேட்டுவருகிறார்கள். தமிழர்களுக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு. சுமார் 50,000 இலங்கைத் தமிழர்கள் இன்று அந்த நாட்டில் வாழ்கிறார்கள். ஈழப் போரின் கடைசிப் பேச்சுவார்த்தைகள் நடந்ததும் அங்கேதான்.

1815 நவம்பரில் பாரிசில் கூடிய வல்லரசுகள் சுவிஸ் நடுநிலையை எழுத்தில் ஏற்றுக்கொண்டன. 1907ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கை நடுநிலை நாட்டின் உரிமைகளையும் கடமைகளையும் வரையறுத்தது. அதன் சாரம் சிறியது: சண்டையிடும் இரு நாடுகளில் எதற்கும் படை உதவி கூடாது, ஒருவர் படையைத் தன் மண் வழியே விடக் கூடாது. அநியாயத்தைக் கண்டால் பேசலாமா, ஓடிவருபவருக்குக் கதவைத் திறக்க வேண்டுமா என்பதற்கெல்லாம் அந்தச் சட்டத்தில் விடை இல்லை. அறத்தின் கேள்வி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

நடுநிலையின் பயனை இந்தியாவே அனுபவித்திருக்கிறது. 1971 போரோடு டெல்லிக்கும் இஸ்லாமாபாத்துக்கும் தூதரக உறவு அறுந்தபோது, பாகிஸ்தானில் இந்தியாவின் அலுவல்களையும் இந்தியாவில் பாகிஸ்தானின் அலுவல்களையும் 1976 வரை சுவிஸ் தூதர்களே கவனித்துக்கொண்டார்கள். இரு தரப்பும் நம்பி ஒப்படைக்க ஒருவர் இருந்ததால் நடந்த காரியம் அது.

இலங்கை விவகாரத்தில் அந்த நம்பிக்கையின் விலை தெளிவாகத் தெரிந்தது. 2006 பிப்ரவரியில் இலங்கை அரசும் விடுதலைப் புலிகளும் ஜெனீவாவை ஒட்டிய செலினியில் ஒரு பழைய மாளிகையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். நோர்வே நடுவர், இடம் கொடுத்தது சுவிஸ். புலிகளைச் சுவிஸ் தடைப் பட்டியலில் சேர்க்கவில்லை, அதனால் அவர்கள் அங்கே வந்துபோவதில் சிக்கல் இல்லை. அதே ஆண்டு மே 29 அன்று ஐரோப்பிய ஒன்றியம் புலிகளைத் தடை செய்தது. உடனே, இலங்கையில் போர்நிறுத்தத்தைக் கண்காணித்துவந்த குழுவிலிருந்து ஒன்றிய நாட்டவர்கள் வெளியேற வேண்டும் என்று புலிகள் கோரினார்கள். அந்தக் குழுவிலிருந்து சுவீடனும் பின்லாந்தும் டென்மார்க்கும் விலகின. ஒன்றியத்தில் சேராத நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும், சுமார் பாதியாகச் சுருங்கிய குழுவோடு எஞ்சின. வன்முறை தினமும் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில், பார்த்து எழுதிவைக்கும் கண்கள் குறைந்துபோயின.

அப்படியானால் தடை செய்யாமல் இருந்ததுதான் சரியா? அவ்வளவு எளிதில் சொல்லிவிட முடியாது. புலிகள் சிறுவர்களைப் படையில் சேர்த்தார்கள், மாற்றுக் கருத்துடைய தமிழர்களைக் கொன்றார்கள். சுவிஸ் நகரங்களின் உணவகச் சமையலறைகளில் உழைத்த தமிழர்களிடம் போருக்குப் பணம் திரட்டப்பட்டது. பலர் பெயரில் வங்கிக் கடனே வாங்கப்பட்டது. இதைத் தொட்டு பெல்லின்சோனா கூட்டாட்சிக் குற்றவியல் நீதிமன்றத்தில் நடந்த வழக்கில், புலிகள் அமைப்பைச் சுவிஸ் சட்டப்படி குற்ற அமைப்பாகக் கருத முடியாது என்று 2018இல் தீர்ப்பு வந்தது. கடன் மோசடிக்காகச் சிலர் தண்டிக்கப்பட்டார்கள். மனமுவந்து கொடுத்தவர்கள் உண்டு. அக்கம்பக்கத்துக்கு அஞ்சிக் கொடுத்தவர்களும் உண்டு. மேசையில் அமரக் கிடைத்த வாய்ப்புக்கு இந்த இரண்டாவது வகையினர் ஆண்டுக்கணக்கில் தவணை கட்டினார்கள். நடுநிலையைப் புகழ்கிறவர்கள் இவர்களைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஏற்காட்டை அடுத்த செம்மநத்தம் போன்ற சேர்வராயன் மலை ஊர்களின் வழக்கத்தை இங்கே நினைத்துப் பார்க்கலாம். மலையாளிக் குடிகளிடையே வழக்குக் கேட்பது வழிவழியாக ஊர்க்கவுண்டரின் பொறுப்பு. அவருக்கு மேல் பட்டக்காரர். இரண்டு காப்பிக் காடுகளுக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகை யார் பறிப்பது என்று தகராறு வந்தால், கேட்பவர் இரு தரப்புக்கும் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோதான் இருப்பார். தீர்ப்புச் சொன்ன மறுநாளும் அவர் இருவர் முகத்திலும் விழித்தாக வேண்டும். ஓரம் சாய்ந்தால் ஊர் அவரையே கேட்கும். சுவிட்சர்லாந்துக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. தூரத்தில் இருப்பதால்தான் எல்லோரும் அதை ஏற்கிறார்கள். அதே தூரத்தால்தான் யாரும் அதைத் தட்டிக் கேட்க முடிவதில்லை. எனவே அந்தக் கட்டுப்பாட்டை அது தனக்குத்தானே விதித்துக்கொள்ள வேண்டும். இரண்டு கடமைகளிலாவது அது தவறக் கூடாது: கண்டதைச் சொல்வது, வந்தவரைக் காப்பது.

முதல் கடமையில் ஜெனீவாவுக்கு ஒரு கறை உண்டு. 1942 அக்டோபர் 14 அன்று சர்வதேச செஞ்சிலுவைக் குழு, நாஜிக்களின் கொடுமைகளைக் குறித்துப் பகிரங்க வேண்டுகோள் விடுக்கலாமா என்று விவாதித்துவிட்டு, வாய்மூடி இருப்பது என முடிவெடுத்தது. குழுவின் உறுப்பினரும் அந்த ஆண்டின் சுவிஸ் குடியரசுத் தலைவருமான பிலிப் எட்டர் கூட்டத்துக்கு வந்து வேண்டுகோளை எதிர்த்தார். பக்கத்து நாட்டின் கோபத்துக்கு ஆளாகக் கூடாது என்ற கவலை அவருக்கு. பெயரளவில் குழுவும் அரசும் வேறு வேறு. அன்று ஒன்றின் அச்சம் மற்றொன்றின் வாயை அடைத்தது.

2009இல் வன்னியில் அதே குழு வேறு விதமாக நடந்துகொண்டது. பிப்ரவரி முதல் மே வரை அதன் ஏற்பாட்டில் கப்பல் பலமுறை வன்னிக் கரைக்கு அப்பால் வந்து நங்கூரமிட்டு நின்றது. கரையில் இறங்குதுறை இல்லை. காயம்பட்டவர்களை மணலில் தூக்கிவந்து சிறு படகுகளில் ஏற்றி, அலையில் ஆடும் படகிலிருந்து கப்பலுக்கு மாற்றினார்கள். நோயாளிகளும் உடன்வந்தவர்களுமாக 13,000-க்கும் மேற்பட்டவர்கள் அப்படி உயிர் தப்பினார்கள். குழுவின் ஊழியர்கள் மூவர் குண்டுவீச்சில் இறந்தார்கள். ரகசியம் காப்பதையே நெறியாகக் கொண்ட அந்த அமைப்பு, கற்பனைக்கெட்டாத பேரவலம் என்று மே 14 அன்று உலகறியச் சொன்னது. அதே மாதக் கடைசியில் ஜெனீவாவில் கூடிய மனித உரிமை மன்றத்தில், இலங்கை அரசே முன்வைத்த தீர்மானம் 29க்கு 12 என்ற கணக்கில் நிறைவேறியது. எதிர்த்து வாக்களித்த 12 நாடுகளில் சுவிட்சர்லாந்து ஒன்று. ஆதரித்தவற்றில் இந்தியா ஒன்று. கையில் ஆயுதம் எடுக்காதிருப்பதும் வாயைத் திறக்காதிருப்பதும் ஒன்றல்ல என்பதை அந்த வாக்கு காட்டியது. அதனால் சுவிஸ் நடுநிலைக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இரண்டாவது கடமை இன்னும் கடினமானது, ஏனென்றால் அதற்குச் சொந்தச் செலவு உண்டு. 1938 ஆகஸ்டில் ஆஸ்திரியாவிலிருந்து ஓடிவந்த யூதர்களுக்கு சுவிஸ் எல்லையை மூடியது. சாங்க்ட் காலன் மாநிலக் காவல் தலைவர் பவுல் குரூனிங்கர், வந்தவர்களின் தாள்களில் எல்லை மூடப்படுவதற்கு முந்தைய தேதியைப் பதித்து உள்ளே விட்டார். பல நூறு பேர் பிழைத்தார்கள். 1939இல் அவர் வேலை பறிபோனது. மறு ஆண்டு நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றது. வறுமையிலேயே வாழ்ந்து 1972இல் இறந்தார். அந்தத் தீர்ப்பு ரத்தானது 1995இல்தான். யூதர்களின் கடவுச்சீட்டில் ‘ஜே’ முத்திரை இடுவதற்கு அன்று ஜெர்மனியோடு உடன்பட்டதற்காகச் சுவிஸ் அரசு மன்னிப்புக் கேட்டதும் அதே ஆண்டில்தான்.

பாடம் படித்த நாடு என்றே எண்ணத் தோன்றும். பெர்னில் 2014இல் திறந்த சமய இல்லத்தில் தமிழர்களின் சைவக் கோயில், மசூதிக்கும் தேவாலயத்துக்கும் ஒரே கூரையின் கீழ் இடம்பெற்றிருக்கிறது. அது உண்மையான வரவேற்பு. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டுதான், 2013இன் கோடையில், தஞ்சம் மறுத்துத் திருப்பியனுப்பிய தமிழர்கள் இருவர் கொழும்பில் இறங்கியதும் கைது செய்யப்பட்டார்கள். சுவிஸ் அரசு திருப்பியனுப்புவதை நிறுத்தி, வெளியாட்களைக் கொண்டு விசாரணை நடத்தி, ஆபத்தைக் கணித்ததில் தவறு நடந்தது என்று 2014இல் ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்ல செயல். கைதானவர்கள் சிறையில் கழித்த நாட்களை அது திருப்பித் தராது.

2018இல் கொழும்பில் இரு நாடுகளும் குடிபெயர்வு ஒத்துழைப்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அரசுகள் இப்படி ஒத்துழைப்பதில் தவறில்லை. ஆனால் ஒருவரைத் திருப்பியனுப்பலாமா என்று முடிவெடுக்கும் மேசைக்குத் தூதரக உறவின் சுமுகம் வந்துவிடக் கூடாது. 1942இல் எட்டர் அப்படித்தான் அண்டை நாட்டு உறவைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். திருப்பியனுப்பப்பட்டவர் ஊர் போய்ச் சேர்ந்தாரா, ஆறு மாதம் கழித்து விசாரணைக்கு அழைக்கப்பட்டாரா என்று தேடிப்போய்ப் பார்க்கும் பொறுப்பு பெர்னில் கையெழுத்திட்ட அதிகாரிக்கும் கொழும்பிலுள்ள தூதரகத்துக்கும் உண்டு. கட்டுநாயக்கவில் விமானம் இறங்கியதோடு அந்தப் பொறுப்பு முடிவதில்லை.