ஊருணி நீருக்கு விலை உண்டா?

ஒருவன் தன் உழைப்பின் பயனை ஊராருக்கு இலவசமாகத் திறந்துவிடுகிறான். அனுபவித்தவர்களில் மனம் உவந்த சிலர் அவனுக்கு ஏதோ பணம் கொடுக்கிறார்கள். அந்தப் பணத்துக்கு என்ன பெயர்? கூலியா, தானமா, கடனா? பெயரில் என்ன இருக்கிறது என்று தள்ளிவிட முடியாது. கூலி என்றால் கொடுத்தவன் எஜமான் ஆகிறான். தானம் என்றால் வாங்கியவன் இரவலன் ஆகிறான். கடன் என்றால் இருவருக்கும் நடுவே ஒரு தவணைத் தேதி வந்து உட்கார்ந்துகொள்கிறது. பணம் ஒன்றுதான், ஆனால் பெயருக்குத் தக்கபடி மனிதர்கள் மாறிவிடுகிறார்கள்.

இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பிவிட்டது ஒரு கணினி விளையாட்டு. விளையாட்டுச் சமாசாரத்துக்கு இவ்வளவு விசாரமா என்று வாசகர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுக் கேளுங்கள்.

அமெரிக்காவில் ஆடம்ஸ் சகோதரர்கள் என்று இருவர். மூத்தவர் ஸாக், இளையவர் டார்ன். டார்ன் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலையில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். சர்வகலாசாலை உத்தியோகத்தை விட்டுவிட்டு, அண்ணனோடு சேர்ந்து 2006-ஆம் ஆண்டில் 'ட்வார்ஃப் ஃபோர்ட்ரஸ்' என்னும் விளையாட்டை வெளியிட்டார். மலையைக் குடைந்து கோட்டை கட்டும் குள்ளர்களின் உலகம் அது. திரையில் படம் கிடையாது. எழுத்துக்களும் குறிகளுமே தெரியும். ஆனால் ஒவ்வொரு குள்ளனுக்கும் ஆசை உண்டு, துக்கம் உண்டு, நினைவு உண்டு. ஆட்டம் தொடங்குமுன் அந்த உலகத்தின் பழைய சரித்திரம் முழுவதையும் கணினியே புனைந்துவிடும். நியூயார்க்கிலுள்ள நவீனக் கலைக் காட்சியகம் 2012-இல் இதைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

இதற்குச் சகோதரர்கள் விலை வைக்கவில்லை. வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம், விரும்பியவர் நன்கொடை அனுப்பலாம். அனுப்பியவருக்குக் கைம்மாறாகக் கிரேயான் கொண்டு ஒரு படம் வரைந்தோ, ஒரு குட்டிக் கதை எழுதியோ அனுப்பினார்கள். மாதந்தோறும் வந்த தொகை இவ்வளவு என்று பகிரங்கமாகக் கணக்குச் சொன்னார்கள். பல ஆண்டுகள் அவர்களுடைய ஜீவனம் இப்படியே நடந்தது.

பணத்தைவிடப் பெரிதாக ஒன்று அவர்களைச் சுற்றிச் சேர்ந்தது. ஆடுகிறவர்கள் புதியவர்களுக்கு வழிகாட்டி எழுதினார்கள். எழுத்துக்களுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளச் சிலர் சித்திரங்கள் தீட்டினார்கள். 2015-இல் கோட்டைகளிலிருந்த பூனைகள் காரணம் தெரியாமல் செத்து விழுந்தன. ஆடுகிறவர்கள் அதைச் சொன்னார்கள், டார்ன் ஆராய்ந்தார். மதுக்கூடத் தரையில் சிந்திய மதுவில் பூனைகள் நடக்கின்றன. பிறகு பாதத்தை நக்கிச் சுத்தம் செய்துகொள்கின்றன. போதை தலைக்கேறிச் சாகின்றன! இந்த வேடிக்கையைக் கண்டுபிடித்ததில் ஆக்கியவருக்கும் பங்குண்டு, ஆடியவர்களுக்கும் பங்குண்டு. ரசிகர் கூட்டம் என்பது இப்படி ஒரு காரியத்தில் சேர்ந்து தலையிடுவதால் உண்டாகிறது. கைதட்டுவதால் மட்டும் உண்டாவதில்லை.

இதற்கு நேர் மாறான வழி ஒன்றும் இருக்கிறது. பொருள் செய்யுமுன்பே ரசிகர்களிடம் பணம் திரட்டுவது. 2012-இல் டபுள் ஃபைன் என்ற விளையாட்டு நிறுவனம், கிக்ஸ்டார்ட்டர் என்னும் நிதி திரட்டும் தளத்தின் மூலம் 4 லட்சம் டாலர் கேட்டது. 87 ஆயிரம் பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்துவிட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முடியும் என்று சொன்ன விளையாட்டு, பணம் பெருகப் பெருகத் தானும் பெருகியது. முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது. மறு பாதி 2015 ஏப்ரலில் வந்தது. நிறுவனம் யாரையும் ஏமாற்றவில்லை. வேலை நடப்பதைப் படம் பிடித்துக் காட்டியபடியேதான் இருந்தது. ஆயினும் கொடுத்தவர்களில் பலர் முணுமுணுத்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாக்குக் கொடுத்து வாங்கிய பணம் கடன்தான். ஆசையோடு கொடுத்தவனுக்கும், தேதி கடந்துவிட்டால், கடன்காரனைப் பார்க்கிற கண் வந்துவிடுகிறது.

தொடர்கதை எழுதுகிறவனுக்கு இந்த வித்தியாசம் நன்றாகப் புரியும். "கதாநாயகியைக் கொன்றுவிடாதீர்கள்" என்று கெஞ்சி எழுதுகிற வாசகர் உண்டு. "சந்தா கட்டியிருக்கிறேன், ஆகவே கொல்லக் கூடாது" என்று எழுதுகிறவரும் உண்டு. முன்னவர் கதைக்குள் இருந்து பேசுகிறார். பின்னவர் ரசீதைக் காட்டிப் பேசுகிறார்.

அப்படியானால் நன்கொடை வழியே உத்தமம் என்று முடித்துவிடலாமா? கூடாது. அந்த வழியிலும் ஓர் அநீதி ஒளிந்திருக்கிறது. அண்ணன் ஸாக்குக்குத் தோல் புற்றுநோய் வந்தது. அமெரிக்காவில் சரியான காப்புறுதி இல்லாதவன் நோயாளியானால் குடும்பமே முழுகிப்போகும். நாளைக்குத் தனக்கும் இப்படி நேர்ந்தால் என்ன செய்வது என்ற கவலை தம்பிக்குப் பிறந்தது. சித்திரங்களும் இசையும் சேர்த்து விளையாட்டை விலைக்குக் கொண்டுவரப் போவதாகச் சகோதரர்கள் 2019-இல் அறிவித்தார்கள்.

இது கொள்கையை விற்பதல்லவா என்று கேட்கலாம். நான் திருப்பிக் கேட்கிறேன்: ஒருவன் பல ஆண்டுகள் தந்ததை வாங்கி அனுபவித்துவிட்டு, அவன் வீட்டில் நோய் வந்த நாளில் "நீ தியாகியாகவே இரு" என்று சொல்வது எந்தத் தர்மம்? பிறருடைய தியாகத்தைப் போற்றுவது மிகவும் எளிது. அதற்குச் செலவே கிடையாது.

வள்ளுவர் ஒப்புரவறிதலுக்கு ஓர் அதிகாரம் வைத்து, அடுத்தாற்போல் ஈகைக்குத் தனியாக இன்னோர் அதிகாரம் வைத்தார். ஈகை இல்லாதவனுக்கு இடுவது. ஒப்புரவு ஊரோடு ஒத்து வாழ்கிறவன் ஊருக்குச் செய்வது. அதற்கு அவர் காட்டிய உவமைகளில் ஒன்று நீர் நிறைந்த ஊருணி. ஆடம்ஸ் சகோதரர்கள் வெட்டியது ஊருணிதான். அவர்களுக்கு வந்த பணத்தைத் தானம் என்றால் அவர்களை இரவலர் ஆக்குகிறோம். கூலி என்றால் நாம் எஜமானர் ஆகிவிடுகிறோம். அது ஒப்புரவுக்கு எதிர் ஒப்புரவு. இந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் அதற்குப் பொருந்தவில்லை.

2022 டிசம்பர் 6-ஆம் தேதி விளையாட்டு 30 டாலர் விலையில் விற்பனைக்கு வந்தது. புதிய சித்திரங்களைத் தீட்டியவர்கள், முன்பு ஆசைக்காகத் தீட்டிக்கொண்டிருந்த அதே ரசிகர் கூட்டத்திலிருந்து வந்தவர்கள். பழைய வடிவத்தைச் சகோதரர்கள் மூடவில்லை. பணமில்லாதவனுக்கு அது அன்றுபோலவே இலவசம். இருந்தும் மாதம் 15 ஆயிரம் டாலர் அளவில் வந்துகொண்டிருந்த கணக்கில், 2023 ஜனவரியில் 72 லட்சம் டாலருக்கு மேல் வரவு ஆயிற்று. இலவசமாகவே பெறக்கூடியதை, அதுவும் பல ஆண்டுகள் ஆடிப் பழகியதை, எத்தனையோ பேர் விலை கொடுத்து வாங்கினார்கள்.

இதை வியாபார வெற்றி என்று மட்டும் சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. எல்லா நல்ல ஊருணிக்கும் இந்தப் பாக்கியம் வாய்ப்பதில்லை. வெட்டியவன் தனியாகத் தூர் வாரி, ஓய்ந்துபோய், ஒரு நாள் எழுந்திருக்க முடியாமல் படுத்துவிடுகிறான். தண்ணீர் கலங்கிய பிறகுதான் நாம் அவனைத் தேடுகிறோம். நீருக்கு விலை கேட்காதவன் பெரியவன், சந்தேகமில்லை. ஆனால் அவன் கேட்கும்வரையில் காத்திருந்த நாம் யார் என்பதையும் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.