முகம் அறியாக் கைகள்

மாலை நேரத்தில் பார்சல் லாரிகள் நிற்கும் கிடங்கின் வாயிலில் சிறிது நின்று பார்ப்போம். இரவோடு இரவாக வெளியூர் செல்லவேண்டிய லாரியில் சுமைப்பணியாளர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். பார்வைக்கு இது தோள்வலிமை மட்டுமே வேண்டும் வேலை. உண்மையில் அறிவும் பொறுப்பும் வேண்டும் பணி. கடைசி ஊரில் இறக்கவேண்டியது முதலில் ஏறவேண்டும். கனமானது அடியில், உடையக்கூடியது மேலே. பாரம் ஒருபக்கமாகச் சாய்ந்தால் மலைப்பாதை வளைவில் வண்டியே கவிழக்கூடும்.

ஏற்றியவர் வீடு திரும்பிவிடுகிறார். ஓட்டுநரோ அவர் அடுக்கியதை நம்பி, பல டன் பாரத்தை முதுகுக்குப் பின்னே வைத்துக்கொண்டு இருளில் செல்கிறார். இருவரும் ஒருவரையொருவர் அறியாதவராகவும் இருக்கலாம். முகம் அறியாத ஒருவருக்கு, எவரும் பாராத நேரத்தில், ஏன் நன்மை செய்யவேண்டும்?

"கூலி பெறுகிறார், வேலை செய்கிறார், இதில் வியக்க என்ன இருக்கிறது?" என்று கேட்கலாம். கூலி மூட்டைகளின் எண்ணிக்கைக்கு உரியது. எறிந்தாலும் அதே கூலி. பதமாக வைத்தாலும் அதே கூலி. பதமாக வைப்பவர் பெற்ற கூலிக்கு மேல் ஒன்றைத் தருகிறார். அதனை அன்பு என்றழைக்க நாம் தயங்கவேண்டியதில்லை.

நமது பங்கிற்கு ஒருமுறை கண்ணாடிச் சட்டமிட்ட படம் ஒன்று பார்சலில் உடைந்து வந்தது. அன்றே கண்டித்துக் கடிதம் எழுதினோம். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ பார்சல்கள் பழுதின்றி வந்தன. நன்றி கூறி ஓர் அஞ்சலட்டைகூட எழுதினோமில்லை. செம்மையாகச் செய்த வேலை கண்ணில் படுவதில்லை. பிழை மட்டுமே படுகிறது.

மறைவில் செய்யும் நன்மை உயர்ந்தது என்று போதிக்கிறோம். அது மெய்யே. ஆனால் அதையே சாக்காக்கி, செய்பவரையும் மறைவிலேயே விட்டுவிடுவது அநீதி. உழைப்பின் மதிப்பு வேலையின் வகையில் அன்று, அதைச் செய்பவர் மனிதர் என்பதிலேயே அடங்கியுள்ளது என்பதைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981இல் தம் சுற்றுமடலில் வற்புறுத்தினார். ஆண் தொழிலாளர் ஒருவர் தனியே சுமக்கும் எடை 55 கிலோவுக்கு மிகாதிருக்க வேண்டுமெனச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1967இல் பரிந்துரைத்தது. தமிழ்நாட்டில் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் 1982இல் இயற்றப்பட்டது. சட்டம் எடையை அளக்கும். முதுகின் வலியை நாம்தான் காணவேண்டும்.

நம் வீதியில் சுமை ஏற்றி இறக்குபவரின் பெயரேனும் நமக்குத் தெரியுமா? இன்றே கேட்டறிவோம். நன்றி அங்கிருந்து தொடங்கட்டும்.