தெரிந்தும் விலக்காத சட்டம்

வட இத்தாலியை ஆண்ட லொம்பார்டிய மன்னன் ரொதாரி, தன் இனத்தாரின் வழக்காறுகளை 643இல் 388 பிரிவுகளாக எழுத்தில் வடித்தான். மதீனாவில் உமர் (ரழி) அவர்களின் கிலாபத் நடந்த காலம் அது. பழிக்குப்பழி ஒழிய வேண்டும் என்பதற்காகவே, காயங்களுக்கான நட்டஈட்டை முன்னோர் வைத்திருந்ததைவிட உயர்த்தியதாக அவனே சொல்கிறான். நமக்குப் பரிச்சயமான ‘தியத்’தை நினைவூட்டும் ஏற்பாடு. உயிரின் விலையோ அந்தஸ்தைப் பொறுத்தது. அடிமைக்குரிய ஈடு எசமானுக்கே போனது.

731இல் மன்னன் லியுத்பிராண்டின் முன் இன்னொரு சிக்கல். உறவினரை நஞ்சிட்டுக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டித் தனிச்சமருக்கு அழைப்பார்கள். தோற்றவன் சொத்து முழுவதையும் இழப்பான். சமரின் முடிவு இறைதீர்ப்புத்தானா என்பதில் மன்னனுக்கே ஐயம். நியாயமிருந்தும் பலர் தோற்றதை அவன் கேள்விப்பட்டிருந்தான். ஆனாலும் இனத்தின் வழக்கம் என்பதால் தடைசெய்ய இயலவில்லை என்று சட்டத்திலேயே எழுதிவைத்தான். தோற்றவன் கொலைக்குரிய ஈட்டை மட்டும் செலுத்தினால் போதும் என்று இழப்பைக் குறைத்தான்.

இது கோழைத்தனமா, விவேகமா? அநீதியென அறிந்ததை விட்டுவைத்தவன் அதற்குப் பொறுப்பாளியே. என்றாலும், வழக்கத்தை இறைவனின் பெயரால் நியாயப்படுத்த அவன் முன்வரவில்லை. மரபையும் மார்க்கத்தையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவோர் அந்த நேர்மையையாவது கற்றுக்கொள்ளலாம்.